கவிழ்ந்த கேடயம்: ஒரு நீலத் தட்டின் நிகழ்வு ஆய்வு

தட்டு என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, அதைத் திருப்பிக் கொடுக்க ஆறு நாள்களே மீதம் இருந்தன. வாங்கியவர் ஓர் இளைஞர். சில ஆண்டுகளாகப் பழைய பீங்கான் சேர்த்துவருகிறார். கையில் இருந்த நான்கு நல்ல தட்டுகளை விற்று, அந்தப் பணத்தோடு சேமிப்பையும் போட்டு இந்த ஒன்றை வாங்கியிருந்தார். விற்றவர் கொடுத்த சீட்டில் "வியன்னா, 18ஆம் நூற்றாண்டின் இறுதி, கையால் தீட்டியது, காஃப்மன் கையொப்பத்துடன்" என்று எழுதியிருந்தது. பத்து நாள்களுக்குள் திருப்பித் தரலாம் என்ற வரியும் அதன் கீழே இருந்தது. முதல் நான்கு நாள்கள் தட்டைப் பார்த்து மகிழ்வதிலேயே கழிந்திருக்கின்றன. பிறகுதான் ஏதோ உறுத்தியிருக்கிறது.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனாலும் இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்" என்றார்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. சேகரிப்பாளர்கள் பெரிதும் நம்பும் ஒரு சோதனையில் இந்தத் தட்டு தேறியது. அந்த ஒரு தேர்ச்சியை நம்பி நானும் ஒரு மாலை முழுவதும் தவறான வழியில் போனேன்.

தட்டும் அதன் பெயரும்

விட்டம் 24 செ.மீ. அகன்ற விளிம்பு முழுவதும் அடர்ந்த கோபால்ட் நீலம். அதன் மேல் தங்கக் கொடிகளும் சிறு பதக்க வடிவங்களும் ஓடுகின்றன. நடுவில் ஒரு தோட்டக் காட்சி: மூன்று பெண்கள் சிறகு முளைத்த காதல் தேவனின் கைகளை மலர்ச் சரத்தால் கட்டுகிறார்கள். படத்தின் வலது கீழ் மூலையில் சாய்ந்த எழுத்தில் காஃப்மன் என்ற ஓவியரின் பெயர். பின்புறம் வெறும் வெள்ளை. நடுவே நகக்கண் அளவில் ஒரு நீல முத்திரை. கரண்டியோ கத்தியோ பட்ட கீறல் எங்கும் இல்லை. இது சாப்பிடச் செய்த தட்டு அன்று. அலமாரியில் நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட வகை.

வியன்னா என்ற பெயருக்கு இந்த வகையில் ஏன் இத்தனை மதிப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சீனர்களின் கடின பீங்கானை ஐரோப்பாவில் முதலில் செய்துகாட்டியது ஜெர்மனியின் மைசன் நகரம். 1710இல் அங்கே தொழிற்சாலை நிறுவப்பட்டது. வெண்களிமண்ணின் கலவையையும் சூளையின் சூட்டையும் அரச ரகசியமாகக் காத்தார்கள். அங்கிருந்து விவரம் தெரிந்த தொழிலாளர்களைத் தன் பக்கம் இழுத்து, 1718இல் வியன்னாவில் இரண்டாவது தொழிற்சாலையைத் தொடங்கினார் டு பாக்கியே. 1744இல் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் அரசு அதை எடுத்துக்கொண்டது. அவருடைய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கேடயச் சின்னம் முத்திரையாக வந்தது அதற்குப் பிறகுதான்.

1784இலிருந்து 1805 வரை ஸோர்கென்தால் பொறுப்பில் இருந்த காலமே இதன் பொற்காலம். அங்கே வேதியியலராக இருந்த லைத்னர் உருவாக்கிய ஆழ்ந்த நீலம், தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்புத் தங்க வேலை, பெரிய ஓவியங்களைச் சிறு வட்டத்துக்குள் படியெடுக்கும் ஓவியர்கள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூடின. நீல விளிம்பு, தங்கக் கொடி, நடுவில் ஓவியம் என்ற இந்த அமைப்பு உலகப் புகழ் பெற்றது அப்போதுதான். 1864இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. மூடிய பிறகு அந்தப் பாணிக்கான ஆசை குறையவில்லை. பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) ஜெர்மனியிலும் பல தொழிற்சாலைகளும் தீட்டுக் கூடங்களும் அதே நீலத்தையும் தங்கத்தையும், கூடவே அதே முத்திரையையும் எடுத்துக்கொண்டன. சந்தையில் "ராயல் வியன்னா" என்ற பெயரில் புழங்குபவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பின்வந்தவர்களின் வேலை. உண்மையான தொழிற்சாலை பேரரசின் உடைமையாக இருந்தது. "ராயல்" என்ற அடைமொழி வணிகர்கள் பின்னால் ஒட்டியது.

முத்திரை

முதல் மாலை நான் செய்த பிழை இங்கே தொடங்கியது. தட்டைக் கையில் எடுத்ததும் திருப்பி முத்திரையைப் பார்த்தேன். பழக்க தோஷம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கை முதலில் அங்கேதான் போகிறது.

அந்த முத்திரையைப் பலரும் தேன்கூடு என்று சொல்கிறார்கள். அகன்ற தலை மேலே, கூர்மையான அடி கீழே, குறுக்கே இரண்டு கோடுகள் என நேராகப் பிடித்தால் அது கேடயம். தலைகீழாகப் பிடித்தால் வைக்கோலால் பின்னிய பழைய தேன்கூட்டைப் போல் தெரியும். கவிழ்த்துப் பார்த்துப் பார்த்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த முத்திரைக்கு எல்லோரும் செய்யும் சோதனை, அது மெருகுக்கு, அதாவது பீங்கானின் மேல் சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சுக்கு, கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பது. கடின பீங்கான் ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. கோபால்ட் நீலம் அவற்றில் தலையானது. ஆகவே தொழிற்சாலையிலேயே, மெருகு பூசுவதற்கு முன் இட்ட முத்திரை நீலமாக, கண்ணாடிக்கு அடியில் உறைந்ததுபோல் இருக்கும். வெள்ளைத் தட்டை வெளியிலிருந்து வாங்கிப் படம் தீட்டியவர் பின்னால் இட்ட முத்திரை மெருகின் மேல் உட்கார்ந்திருக்கும். அது குறைந்த சூட்டில் ஒட்டியது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் அதன் விளிம்பு தெரியும். சில நேரம் நகத்துக்கும் தட்டுப்படும்.

இந்தத் தட்டில் நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை. சாய்ந்த ஒளியில் மெருகு முத்திரையின் மேல் இடைவெளியின்றி ஓடியது. மெருகுக்குக் கீழேதான் இருக்கிறது. விளிம்பின் நீலமும் ஆழமாக, நன்றாக இருந்தது. அப்போதே அந்த இளைஞரைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்லத் தொலைபேசி வரைக்கும் கை போனது. இரவாகிவிட்டதே என்று விட்டேன். அந்தத் தயக்கம் என்னைக் காப்பாற்றியது.

காலையில் மீண்டும் பார்த்தபோது, முந்தைய மாலை நான் கேட்காத கேள்வி எழுந்தது. மெருகுக்குக் கீழே இருப்பது எதை நிரூபிக்கிறது? இந்தத் தட்டை வேகவைத்த தொழிற்சாலைதான் முத்திரையையும் இட்டது என்பதை நிரூபிக்கிறது. அந்தத் தொழிற்சாலை வியன்னாவில் இருந்தது என்பதை அல்ல. சொந்தச் சூளை வைத்திருந்த எந்தத் தொழிற்சாலையும் கேடயத்தை மெருகுக்குக் கீழே இடலாம். பின்வந்தவர்களில் சிலர் அப்படித்தான் செய்தார்கள்.

பிறகு முத்திரையின் வடிவத்தை மட்டும் பார்த்தேன். பழைய வியன்னா முத்திரையைத் தொழிலாளி தூரிகையால் விரைந்து இழுத்திருப்பார். ஒரு பக்கம் தடித்திருக்கும், கோடுகள் சாய்ந்திருக்கும், இரண்டு தட்டுகளில் ஒரே மாதிரி இருக்காது. இங்கே இருபுறமும் அளந்து வைத்ததுபோல் சமம். குறுக்குக் கோடுகள் இணையாக, ஒரே தடிமனில் இருந்தன. இது அச்சுக்கட்டையால் ஒற்றியது.

இன்னும் ஒரு சான்று, இல்லாமையால் பேசுவது. 1783 முதல் வியன்னாவில் தயாரிப்பு ஆண்டைக் களிமண்ணிலேயே அழுத்திப் பதித்தார்கள். முதலில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், 1800 முதல் மூன்று. 1803இல் செய்த தட்டில் 803 என்று இருக்கும். தீட்டியவரின் எண்ணும் பெரும்பாலும் நிறத்தில் இருக்கும். இந்தத் தட்டில் எந்த எண்ணும் இல்லை. பதிப்பு ஆழமில்லாமல் மெருகு நிரம்பி மறைந்திருக்கலாம் என்பதால், பின்புறம் முழுவதையும் சாய்ந்த ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படம்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். பெண்ணின் கன்னத்தின் மேல் அதை வைத்தேன். தூரிகை ஓடிய தடம் இல்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள், அருகருகே, அடுக்கடுக்காக. கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறையில், பல நிறங்களில் அச்சிட்ட தாளிலிருந்து பீங்கானுக்கு மாற்றி, சூளையில் ஒட்டவைத்த படம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலான முறை. 18ஆம் நூற்றாண்டில் இது சாத்தியமே இல்லை, ஏனெனில் கல்லச்சு பிறந்ததே 1790களின் இறுதியில்தான். அதைப் பல நிறங்களில் பீங்கானுக்குக் கொண்டுவர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

எல்லாமே அச்சு என்று சொல்லிவிடவும் முடியாது. மூன்று பெண்களில் ஒருத்தியின் ஆடை மடிப்பில் வெள்ளைத் தீற்றல்கள் தூரிகையால் இட்டவை. காதல் தேவனின் சிறகு நுனிகளிலும் அப்படியே. மலர்ச் சரத்தில் சில இதழ்கள் கையால் திருத்தப்பட்டவை. தேர்ந்த கை அது. அச்சுப் படத்துக்கு உயிர் தர அங்கங்கே தூரிகை தொடுவது அக்காலத் தொழிற்சாலைகளின் வழக்கம். ஆகவே சீட்டில் இருந்த "கையால் தீட்டியது" என்ற சொல் முழுப் பொய் அன்று. வாங்குகிறவரை அதிகம் ஏமாற்றக்கூடியவை இந்த மாதிரிப் பாதி உண்மைகளே.

அடுத்து கையொப்பம். ஏஞ்சலிகா காஃப்மன் கற்பனைப் பெயர் அல்ல. 1741இல் சுவிட்சர்லாந்தின் கூரில் பிறந்தவர். 1768இல் லண்டன் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் இருந்த இரண்டே பெண்களில் ஒருவர். 1807இல் ரோமில் இறந்தார். தொன்மக் கதைக் காட்சிகளை மென்மையாக வரைந்தவர். அவை செதுக்கு அச்சுகளாக ஐரோப்பா முழுவதும் பரவின. பீங்கான் அலங்கரித்தவர்கள் அந்த அச்சுகளிலிருந்து எடுத்தாண்டார்கள். அவர் வியன்னா தொழிற்சாலைக்காகத் தட்டுகள் தீட்டியவர் அல்லர். இந்த வகைத் தட்டுகளில் அவர் பெயர் இருந்தால், காட்சி அவருடையதைப் பின்பற்றியது என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் இல்லை. பல நேரங்களில் அதுகூட இல்லை.

கைக்கண்ணாடியைக் கையொப்பத்தின் மேல் நகர்த்தினேன். அந்தப் பெயரும் புள்ளிகளால் ஆனது. படத்தோடு சேர்ந்து அச்சிட்டது. ஒரு பெண் ஓவியர் தன் காலத்தில் போராடி நிலைநிறுத்திய பெயர், அவர் தொடாத ஆயிரக்கணக்கான தட்டுகளில் இப்படி ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வியன்னாவின் புடைப்பு வேலையில் முதலில் ஒரு பசையால் மேட்டை எழுப்பி, அதன் மேல் தங்கம் இட்டுச் சுட்டு, பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தத் தங்கம் கனமாக, மென்மையான ஒளியோடு இருக்கும். 1830 வாக்கில் மைசனில் கூன் உருவாக்கிய திரவத் தங்கம் சூளையிலிருந்து வெளிவரும்போதே கண்ணாடிபோல் பளபளக்கும், தேய்க்க வேண்டியதில்லை, ஆனால் படலம் மிக மெல்லியது. இந்தத் தட்டின் கொடிகள் இரண்டாவது வகை. விளிம்பின் ஓரத்தில் ஓரிடத்தில் அரை அங்குல அளவுக்குத் தங்கம் உரிந்து நீலம் வெளிப்பட்டிருந்தது.

விளக்கை அணைத்த பிறகு

மூன்றாம் நாள் இரவு அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். பீங்கானில் பழுது பார்த்த இடங்களைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய கருவி இல்லை. ஒட்டுப்பசையும் மேற்பூச்சு நிறங்களும் மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும்.

இரண்டு இடங்கள் ஒளிர்ந்தன. ஒன்று விளிம்பில், கட்டைவிரல் அகலத்தில், பால்போன்ற ஒளி. பகலில் அது மற்ற நீலத்தோடு ஒன்றிக் கிடந்தது. அங்கே சில்லு பெயர்ந்து, பிசினால் நிரப்பி, நீலமும் தங்கமும் பூசியிருக்கிறார்கள். சீட்டில் இதைப் பற்றிய பேச்சே இல்லை. பழுது பார்ப்பது குற்றமில்லை. நல்ல கைவினைஞர் செய்த பழுது ஒரு பொருளின் ஆயுளை நீட்டுகிறது. சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

இரண்டாவது இடம் பின்புறத்தில், முத்திரைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு செவ்வகம். எண்ணைத் தேடியபோது சாய்ந்த ஒளியில் எனக்குத் தட்டுப்பட்டது இதுவே. அந்த இடத்தில் மட்டும் மெருகின் பளபளப்பு சற்று மாறியிருந்தது. விளக்கின் கீழே பார்த்ததும் காரணம் புரிந்தது. அங்கே எதையோ சுரண்டி எடுத்துவிட்டு, மங்கிய இடத்தின் மேல் அரக்கு பூசிப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கைக்கண்ணாடியில் செவ்வகத்தின் வலது ஓரத்தில் பச்சை நிறத்தின் மிச்சம் தெரிந்தது. நின்ற கோடு ஒன்று, அதன் மேல் ஒரு புள்ளி, அருகே ஒரு சிறு வளைவு. ரோமன் எழுத்தில் எழுதிய ஒரு சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள். மெருகின் மேல் பச்சையில் இட்ட நாட்டுப் பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சந்தைக்கு அனுப்பிய தொழிற்சாலைகள் தட்டின் பின்புறத்தில் நாட்டுப் பெயரை இடத் தொடங்கியது அதனால்தான். 18ஆம் நூற்றாண்டுத் தட்டு என்று விற்க நினைப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும், எல்லாம் கெட்டுவிடும். ஆகவே அதைச் சுரண்டுகிறார்கள்.

எந்த நாடு? ஆஸ்திரியா, பவேரியா, பொஹீமியா, செக்கோஸ்லோவாக்கியா எல்லாமே ரோமன் எழுத்தில் அதே இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. ஆனால் சுரண்டிய இடத்தின் நீளத்தை மிஞ்சிய எழுத்துகளின் அகலத்தோடு ஒப்பிட்டால் ஏழு எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியா விலகியது. மற்ற மூன்றும் ஏழு எழுத்துச் சொற்கள்தாம். அதற்கு மேல் தட்டு பேசவில்லை.

எடைபோட்டது

கிடைத்த சான்றுகளை மூன்று சாத்தியங்களோடு பொருத்திப் பார்த்தேன். ஒன்று, 1864க்கு முன் வியன்னாவில் செய்து அங்கேயே அலங்கரித்தது. அச்சுப் படம், ஒற்றிய முத்திரை, இல்லாத ஆண்டு எண், சுரண்டிய நாட்டுப் பெயர் ஆகிய எல்லாம் இதற்கு எதிராக நிற்கின்றன.

இரண்டாவது சாத்தியம் நுட்பமானது. அதை எளிதில் தள்ளக் கூடாது. வியன்னா தொழிற்சாலையின் அலங்கரிக்காத வெள்ளைத் தட்டுகள் வெளியே விற்கப்பட்டதுண்டு. அவற்றில் முத்திரை உண்மையாக இருக்கும், படம் மட்டும் பிந்தியதாக இருக்கும். மெருகுக்குக் கீழே முத்திரை, மேலே அச்சுப் படம் என்ற சேர்க்கை முதல் பார்வையில் இதற்குப் பொருந்தும். முத்திரையின் வடிவமும் ஆண்டு எண் இல்லாததும் சேர்ந்துதான் இந்தச் சாத்தியத்தை மூடின. முத்திரை தூரிகையால் இழுத்ததாக இருந்திருந்தால் நான் இன்றுவரை தயங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

எஞ்சியது மூன்றாவது: வேறொரு தொழிற்சாலை தானே வார்த்து, வேகவைத்து, வியன்னா பாணியில் அலங்கரித்து, கேடயத்தையும் இட்டு அனுப்பியது. 1890களுக்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலம் என்பது என் கணிப்பு.

நான்காம் நாள் அந்த இளைஞரை அழைத்தேன். முடிவை முதலில் சொல்லாமல் கைக்கண்ணாடியைக் கொடுத்து, "தம்பி, கையொப்பத்தைப் பாருங்கள்" என்றேன். நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நான்கு தட்டுகளை விற்றேனே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

தட்டு மோசமானது அல்ல என்று அவரிடம் சொன்னேன். நூறாண்டைத் தாண்டிய பொருள். நீலம் அழகு. அந்தச் சிறகு நுனியை யாரோ பெயர் தெரியாத ஒருவர் மனம் வைத்துத் தீட்டியிருக்கிறார். "வியன்னா பாணி, 1900ஐ ஒட்டியது, அச்சுப் படத்தில் கைத்திருத்தம், விளிம்பில் பழுது" என்று சரியான விவரத்தோடு, அதற்கேற்ற விலையில் கிடைத்திருந்தால் வைத்துக்கொள்ளவே சொல்லியிருப்பேன். கொடுத்த பணம் வேறு ஒரு பொருளுக்கு உரியது. திருப்பிக் கொடுப்பதே சரி என்றேன்.

விளிம்பிலும் பின்புறத்திலும் ஒளிர்ந்த இடங்களின் படங்கள், கையொப்பத்தின் பெரிதாக்கிய படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். விற்றவர் முதலில், பரம்பரைச் சேகரிப்பிலிருந்து வந்தது, சந்தேகப்பட இடமில்லை என்றார். சுரண்டிய இடத்தின் படத்தைப் பார்த்த பிறகு பேச்சு நின்றது. ஒன்பதாம் நாள் பணம் திரும்பி வந்தது. விற்ற நான்கில் இரண்டு தட்டுகளை வாங்கியவரிடமே பேசி அந்த இளைஞர் மீட்டுக்கொண்டார். மற்ற இரண்டும் கைமாறிப் போய்விட்டன.

ஏழு வாரங்கள் கழித்து அதே தட்டை ஒரு விற்பனைப் பட்டியலில் பார்த்தேன். விளிம்போரத்தில் தங்கம் உரிந்த அதே அரை அங்குலம். "வியன்னா, 18ஆம் நூற்றாண்டின் இறுதி" என்று போட்டிருந்தது. பின்புறப் படம் இல்லை. பின்புறத்தின் படத்தையும், முத்திரைக்குக் கீழுள்ள பகுதியைப் பற்றிய விளக்கத்தையும் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாள்களில் விவரக்குறிப்பு மாறியது. "வியன்னா பாணி, 19ஆம் நூற்றாண்டு" என்று இப்போது இருக்கிறது. விளிம்பின் பழுதும் குறிக்கப்பட்டிருக்கிறது. காஃப்மன் கையொப்பம் பற்றிய வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி நேற்று மீண்டும் எழுதியிருக்கிறேன்.